தையல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதைப் புத்தகம்

2021 அக்டோபர் 27. மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் சின்ன வகுப்புகள் அன்றுவரை திறக்கவில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நவம்பர் 1-ஆம் தேதிதான் மணி அடித்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டோடு இருந்துவிட்ட பிள்ளைகளைத் தேடி அவர்களுடைய தெருவுக்கே ஒருவர் வருவார், மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார் என்பது ஏற்பாடு. அந்தத் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. முதலில் முன்னோட்டமாக எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று.

பெரும்பாலும் ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வந்தார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள், கல்யாணமாகி அந்த ஊருக்கு வாழவந்தவர்கள். கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை, மரத்தடி எல்லாம் வகுப்பறை ஆயின. பள்ளிக்கு வெளியே, தெரிந்த ஒரு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம் என்பதைத் தமிழ்நாடு மீண்டும் நினைவுபடுத்திக்கொண்ட காலம் அது. ஆனால் அந்த மாலை வேளைகளில் பெரும்பகுதி பாடப்புத்தகத்துக்கே போனது. பிள்ளைகளின் கைகளுக்குப் பென்சில் பிடிப்பதைத் தவிர அதிக வேலை இருக்கவில்லை.

விழுப்புரத்துக்கு மேற்கே உள்ள காணை ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். நெல், கரும்பு, மல்லாட்டை பயிராகும் பூமி. அறுவடையும் நூறு நாள் வேலையும் இல்லாத நாளில் பெண்கள் உட்காரும் இடங்களில் ஒன்று தையல் மிஷின். தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில் அது இருக்கும்; அந்த வீட்டுத் திண்ணையில் அளவு ஜாக்கெட்டோடு யாராவது காத்திருப்பார்கள். சத்துணவு சாப்பிடும் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை தருகிறது. நெசவாளர் சங்கங்களிடம் வாங்கிய அந்தத் துணியைத் தைத்துக்கொடுப்பவர்கள் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். அதாவது காணைப் பிள்ளை போட்டிருக்கும் சட்டை, ஏதோ ஒரு ஊரில் ஒரு அம்மா உட்கார்ந்து தைத்தது. மிஷினடியில் விழும் வெட்டுத் துணியைப் பொறுக்கிப் பொம்மைக்குப் பாவாடை கட்டாத பெண் பிள்ளை அந்தத் தெருவில் இருக்க மாட்டாள்.

அந்த வெட்டுத் துணியிலிருந்தே ஒரு கல்வி தொடங்க முடியும். பள்ளியை விட்டு விலக்கி வீட்டிலேயே படிக்கவைக்கும் பெருநகரக் குடும்பங்களின் முறையை இங்கே சொல்லவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, மாலையிலும் விடுமுறையிலும், ஊசியும் நூலும் ஒரு கதைப் புத்தகமும் கையில் இருப்பதைப் பற்றிய பேச்சு இது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. வாழைநாரில் மல்லிகை தொடுக்கக் கற்கும் ஐந்து வயதுப் பிள்ளை, இரு விரலுக்கு நடுவே நாரைச் சுற்றி இழுத்து, காம்பு நழுவாமல் முடிச்சுப் போடுகிறது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம். இறுக்கினால் காம்பு அறும். தளர்த்தினால் பூ உதிரும். தொடுத்ததைத் தன் முழங்கையால் முழம் போட்டு அளந்து, அம்மாவின் முழத்துக்கும் தன் முழத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறது. எண்ணிக்கை, நீளம், அலகு எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. கோடை விடுமுறையில் பின்னிய ஒயர்க்கூடையும் அப்படித்தான். எத்தனை ஒயர் வெட்ட வேண்டும், எந்த நிறத்தை எத்தனைக்கு ஒன்றாக வைத்தால் கட்டம் விழும் என்று தாளில் புள்ளி வைத்துக் கணக்குப் போட்ட அக்காக்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர் உண்டு. அதைக் கணக்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

நெசவுக்குத் தறி வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, மேலும் கீழும் சம இடைவெளியில் பல் வெட்டி, அதில் நூலைச் சுற்றினால் பாவு தயார். அம்மாவின் பழைய சேலையை விரல் அகலத்துக்குக் கிழித்தால் அது ஊடை. ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே. திரும்பி வரும்போது அதற்கு நேர் எதிர். ஓர் இழையைத் தவறவிட்டால் அந்த இடத்தில் துணி கட்டாது, நூல் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். பிள்ளை தானே பார்த்து, தானே பிரித்து, தானே திருத்துகிறது. சிவப்பு மையால் யாரும் குறுக்கே கோடு போடுவதில்லை. பக்கத்துப் பிள்ளை எத்தனை மதிப்பெண் என்ற பேச்சும் இல்லை. பள்ளிப் படிப்பில் மிக அரிதாகக் கிடைக்கும் இந்த அனுபவம்தான் கைவேலையின் பெரிய வரவு.

உலகக் கல்வியாளர்கள் பலர் இதை உணர்ந்திருந்தார்கள். மழலையர் பள்ளியை உருவாக்கிய ஜெர்மானியர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல், குழந்தைக்கு முதலில் கொடுக்கச் சொன்ன விளையாட்டுப் பொருள் கம்பளி நூலில் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள். 1919-இல் ஷ்டுட்கார்ட் நகரில் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய பள்ளியில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பின்னல் ஊசியைப் பிடித்தார்கள். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் வகுப்பறையில், பொத்தான் போடவும் நாடா கட்டவும் பழகுவதற்கென்றே துணி கட்டிய மரச்சட்டங்கள் இருந்தன. ஸ்வீடனில் துணி வேலையும் மர வேலையும் இன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பாடம்.

இந்தியாவில் இந்தச் சிந்தனை நூல் நூற்கும் கைக்கதிரான தக்ளியைச் சுற்றி வளர்ந்தது. 1937 ஜூலையில் ‘ஹரிஜன்’ இதழில் காந்தி, குழந்தையின் கல்வி ஒரு கைத்தொழிலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்து பாடத்திட்டம் வகுத்தது. அந்தக் குழுவை ஒருங்கிணைத்தவர் ஒரு தமிழர் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. இலங்கையில் பிறந்து, சாந்திநிகேதனில் தாகூரிடம் பணியாற்றி, பின்னர் சேவாகிராமத்தில் மனைவி ஆஷா தேவியோடு, ‘ஆதாரக் கல்வி’ எனப்பட்ட இந்த முறையைக் கட்டி வளர்த்த ஆரியநாயகம்தான் அவர். அங்கே பிள்ளைகள் நூற்ற நூலையே கணக்குப் பாடமாக்கினார்கள். நான்கு அடி ஒரு சுற்று. 640 சுற்று ஒரு சிட்டம். ஒரு மணி நேரத்தில் எத்தனை சுற்று, எத்தனை முறை நூல் அறுந்தது, பஞ்சு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று பிள்ளையே குறித்து வைக்கும். பருத்தி எங்கே விளைகிறது என்பது புவியியல். மான்செஸ்டர் துணி எப்படி இங்கே வந்தது என்பது வரலாறு. தமிழ்நாட்டில் காந்திகிராமமும் வேறு சில நிறுவனங்களும் இதை முயன்று பார்த்தன. தாத்தா பாட்டிகளில் சிலர் தாங்கள் தக்ளி சுற்றிய கைத்தொழில் வகுப்பை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியிருக்க, தமிழ்நாட்டில் இது ஏன் வேர்பிடிக்கவில்லை? அதற்கான பதில்களில் முக்கியமானது 1953-இல் இருக்கிறது.

அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளி ஒரு பிள்ளைக்கு நாளில் மூன்று மணி நேரம் மட்டும். இரண்டு பிரிவாகப் பிள்ளைகள் வந்து போவார்கள். மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கும் வழி என்று அரசு சொன்னது. தகப்பன் தொழில் என்றால் சாதித் தொழில் என்பதுதானே ஊரின் நடைமுறை? சவரத் தொழிலாளி மகன் கத்தியையும், சலவைத் தொழிலாளி மகள் வெள்ளாவியையும் பழக வேண்டுமா என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கேட்டார்கள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. ராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு சரியானது. வீட்டில் கைத்தொழில் கற்பதைப் பற்றித் தமிழில் எழுதும் எவரும் அதை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. அந்த எச்சரிக்கை இன்றும் ஆட்சியின் முடிவுகளில் வெளிப்படுகிறது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதிலேயே சேரலாம், அதிலும் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இருக்கிறது என்று சொல்லித் தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. பதிலாக 2025 ஏப்ரலில் தொடங்கிய ‘கலைஞர் கைவினைத் திட்ட’த்தில் குறைந்தபட்ச வயது 35. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் ஒரு பிள்ளை தொழிலுக்குள் இழுக்கப்படக் கூடாது என்ற கவனம் அந்த எண்ணில் இருக்கிறது.

இந்த அச்சத்துக்குத் தறியடியிலேயே சான்று உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் காஞ்சிப் பட்டுச் சேலையை ‘கோர்வை’ போட்டு நெய்வார்கள். கரைக்குத் தனி நாடா ஓட வேண்டும். அதைத் தள்ளித்தர நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த இடத்தில் உட்காரவைக்கப்பட்டவர்கள் சிறுவர் சிறுமியர். குடும்பம் வாங்கிய முன்பணத்துக்காக அவர்கள் தறியில் கட்டுண்டு கிடந்ததை ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவுசெய்தது. விழுப்புரம் மாவட்டத்தின் சிறுவந்தாடும் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்தான். பட்டுத் தறியின் அழகைப் பேசுகிறவர்கள், அதில் குழந்தைகள் இழந்த பள்ளி நாட்களையும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. உதவிக்கும் வேலைக்கும் நடுவே உள்ள கோட்டை வீட்டுக்குள் போய் யார் பார்ப்பது?

அந்தக் கோட்டை அடையாளம் காணப் பெற்றோருக்குச் சில எளிய கேள்விகள் போதும். பிள்ளை செய்த பொருள் விற்பனைக்குப் போகிறதா? நாளைக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடு இருக்கிறதா? பாதியில் வைத்துவிட்டு விளையாடப் போனால் திட்டு விழுமா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அது கல்வி இல்லை, கூலி. நெசவாளர் வீட்டுப் பிள்ளையும், நிலமில்லாத தொழிலாளி வீட்டுப் பிள்ளையும், வங்கி அலுவலர் வீட்டுப் பிள்ளையும் அதே அட்டைத் தறியில் அதே விளையாட்டு விளையாடினால்தான் கைவேலை சாதியின் பிடியிலிருந்து வெளியே வரும்.

அப்படி வெளியே வந்த இடங்கள் இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. திருவண்ணாமலையில் 2009-இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி ஆண்டுதோறும் கைவினை வாரம் நடத்துகிறது. அந்த நாட்களில் பாடவேளை கிடையாது. நெசவு, கூடை முடைதல், மண்பாண்டம் என்று கைவினைஞர்கள் வந்து உட்கார, பிள்ளைகள் பிடித்ததில் சேர்ந்துகொள்கிறார்கள். வெளியூர்க் குடும்பங்களும் வருகின்றன. அப்பாவும் மகளும் ஒரே கூடையில் தடுமாறுவதை அங்கே பார்க்கலாம். கைவினைஞர் ஆசிரியராக மரியாதையோடு உட்காருகிறார் என்பது இதில் மிக முக்கியமான செய்தி.

அங்கிருந்து வடமேற்கே, கிருஷ்ணகிரி மாவட்டம் புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி. குழந்தைகளுக்காக அந்தப் பள்ளியின் நண்பர்கள் கொண்டுவந்த ‘தும்பி’ இதழ், முழுப்பக்க ஓவியங்களோடு தமிழில் வந்த அழகான சிறார் இதழ்களில் ஒன்று. அதே நட்பு வட்டத்திலிருந்துதான் சென்னிமலைப் பக்கம் ‘நூற்பு’ கைத்தறி முயற்சியும் வந்தது. கணினித் துறை வேலையை விட்டு நெசவுக்குத் திரும்பிய சிவகுருநாதன் அதை நடத்துகிறார். சிறார் இதழும் கைத்தறியும் ஒரே நண்பர்களிடமிருந்து வந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டுக்கும் வேண்டியது அவசரமில்லாத ஒரு மனம்.

விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே, வானூர் வட்டத்து ஆரோவில்லில் ஒரு துணிப் பொம்மை பிறந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடலைப் பார்க்கவே அஞ்சி முடங்கிக் கிடந்த மீனவப் பெண்களுக்கு, உமா பிரஜாபதியின் ‘உபாசனா’ ஆடை நிறுவனம் வெட்டுத் துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் ‘சுனாமிகா’. அதற்கு விலை வைக்கவில்லை, அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் செய்யப்பட்டு எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. கைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வருகிறது, அழுகையும் வருகிறது, மனம் மெல்ல நிலைக்கு வருகிறது என்பதை அந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையில் கண்டார்கள். ஊரடங்கில் ஒன்றரை ஆண்டு அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டது.

இனி வாசிப்பு. நம் மரபில் படிப்பு என்பது சத்தம். திண்ணைப் பள்ளிகளில் முறைவைத்துச் சொல்லி, சேர்ந்து ஓதி, மனப்பாடம் செய்தார்கள். இன்றும் ‘சத்தம் போட்டுப் படி’ என்றுதான் வீட்டில் சொல்கிறோம். சத்தம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று சந்தேகம். தனக்குள் படிக்கும் பழக்கத்துக்குத் தனியாக இடமும் நேரமும் வேண்டும். ஒரே அறையில் தொலைக்காட்சியும் அடுப்பும் பாயும் இருக்கும் வீட்டில் அது எளிதில்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்வரும் திண்டிவனம் பக்கத்து இருளர் பிள்ளைகளுக்கு வீடே நிலையில்லை. ‘வீட்டில் கற்றல்’ என்று சொல்லும்போது யாருடைய வீடு என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

அதனால்தான் தெருவுக்கு ஓர் இடம் வேண்டும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது அன்றைய சென்னை மாகாணத்தில்தான், 1948-இல். அதற்கு முன்பே, 1931-இல், மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள், எஸ்.ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல பூட்டிக் கிடப்பது ஊர்க்காரர்கள் நன்கு அறிந்த துயரம். பிள்ளைகளுக்கான புத்தகங்களோ முன்பைவிட அதிகம். பள்ளிக்கல்வித் துறை நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, பெரிய வகுப்புகளுக்கு ‘தேன்சிட்டு’ என்று இதழ்கள் நடத்துகிறது. ‘வாசிப்பு இயக்கம்’ வெளியிட்ட மெல்லிய கதை நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வருகின்றன. எழுத்துக்கூட்டும் பிள்ளை தன் படியிலிருந்து தொடங்கலாம். யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

கைவேலையும் வாசிப்பும் ஒரே மாலையில் சேரும்போது நடப்பதுதான் ஆசையாகப் பார்க்க வேண்டிய காட்சி. ஒருவர் கதையை வாசிக்க, மற்றவர்கள் பின்னிக்கொண்டே கேட்கலாம். அரைமணி நேரம் ஊசியில் நிலைத்த கண், அடுத்த அரைமணி நேரம் பக்கத்தில் நிலைப்பது எளிது என்று இதைச் செய்துபார்க்கும் ஆசிரியர்கள் சொல்வார்கள். சரியாகப் படிக்க வராத பிள்ளை தையலில் கெட்டிக்காரியாக இருப்பாள். அவளிடம் முடிச்சுக் கேட்டு வகுப்பில் முதல் வரும் பையன் வருவான். அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடும் விதம் மாறும். அவளுக்கு இல்லாதிருந்தது அறிவு அல்லவே, துணிவுதானே!

பையன் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்த் தையல்கடையில் மிஷின் மிதிப்பவர் ஆண்; தறிக்குழியில் கால் வைத்து உட்காருபவரும் பெரும்பாலும் ஆண். பள்ளியில் மட்டும் தையல் வகுப்பு பெண் பிள்ளைகளுக்கு என்று எப்போது முடிவானது? அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாமல் கல்லூரி விடுதிக்குப் போகும் பையன்களை வளர்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் அட்டைத் தறி வைக்கும்போதாவது அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்று ஒன்று வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்காக அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரம் மூன்று அரை நாள் வேலை. தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து போராடுவது செய்தியாக வருகிறது. கைவேலைக்கு இந்தச் சமூகம் பள்ளிக்குள் கொடுத்திருக்கும் இடம் எவ்வளவு என்பதற்கு அந்தச் சம்பளமே கணக்கு. அவர்களுக்கு முழுநேர வேலையும் உரிய ஊதியமும் கொடுத்து, வாரத்தில் ஒரு மாலையைத் தெருக்களுக்கு ஒதுக்கினால் எவ்வளவோ செய்யலாம். காணையிலேயே தொடங்கலாம்: வட்டார வள மையத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, இல்லம் தேடிக் கல்வியில் பழகிய தன்னார்வலர்களுக்குத் தையல் ஆசிரியர் ஒருவர் பயிற்சி தரட்டும், வெட்டுத் துணியைத் தையல் சங்கம் கொடுக்கட்டும், ஊராட்சி நூலகத்தின் சாவி மாலை ஐந்து மணிக்கு அந்தத் தன்னார்வலரின் கையில் இருக்கட்டும்.